வீட்டுச் சாப்பாட்டை விடாமல் உடலை மாற்றிக்கொள்ள முடியுமா?

கேள்வி – சுங்கை சிப்புட் (மலேசியா) வாசகர்

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் பகலும் இரவும் மாறி மாறி வரும் ஷிப்டில் வேலை செய்கிறேன். வயது 36, இடுப்புச் சுற்றளவு 99 சென்டிமீட்டர். சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கச் சொல்லி விற்கப்படும் மாவுப் பானங்களால் ஒரு முறை எடை இறங்கியது. நிறுத்தியதும் பழையபடி ஏறிவிட்டது. அம்மா சமைப்பதைத்தான் முழுக் குடும்பமும் சாப்பிடுகிறது, எனக்கென்று தனிச் சமையல் கேட்க மனம் வரவில்லை. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் இதே சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டு ஒல்லியாகத்தான் இருந்தார். காலம் முழுவதும் தொடரக்கூடிய உணவுப் பழக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில் – தைப்பிங், ஓய்வுபெற்ற தாதி

தம்பி, விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்து வருகைப் பதிவுக்கு) போய், மேடும் பள்ளமுமான நிரைகளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்து வந்த மனிதருக்கு அவ்வளவு சோறும் தேவைப்பட்டது. அந்த வேலை போய்விட்டது, அகப்பைக் கணக்கு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஆகவே சமையலில் கைவைக்கும் முன் பரிமாறும் முறையை மாற்றுங்கள். நம் சுகாதார அமைச்சு வலியுறுத்தும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ (கால், கால், பாதி) முறைப்படி தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். காய்கறியை முதலில் வைத்துவிட்டால் சோற்றுக்கு இடம் தானாகக் குறையும். உருளைக்கிழங்குப் பிரட்டலையும் மரவள்ளிக்கிழங்கையும் பலர் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறார்கள். அவை சோற்றுக் கணக்கில்தான் சேரும்.

ஆனால் சோற்றைவிட, ஷிப்டில் நீங்கள் குடிக்கக்கூடிய இனிப்புத் தேநீர்தான் எனக்குக் கவலை தருகிறது. இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதால், இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்கும் ஒரு கிளாஸ் தே தாரேக்கில் (ஆற்றிய பால் தேநீரில்) ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட எத்தனை கிளாஸ் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் வரி இருந்தாலும், அது ஆலையில் அடைத்து விற்கும் பானங்களுக்கே உரியது. ஒட்டுக்கடைக் கிளாஸை அது தொடுவதில்லை. முதலில் ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று கேளுங்கள், சில வாரங்களில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு நாக்கு பழகிவிடும்.

ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் இடுப்பே எச்சரிக்கைக் கோடு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தபோது, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பதிந்து, இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதில் – பீடோர், இல்லத்தரசி

அம்மாவிடம் தனிச் சமையல் கேட்க வேண்டாம், எண்ணெயைக் கரண்டியால் அளக்க மட்டும் சொல்லுங்கள். 2 ரிங்கிட் 50 சென் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து அப்படியே சட்டியில் சாய்ப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறக்குறைய 120 கலோரி. கொல்லையில் முருங்கை இருந்தால் கீரைக்குச் செலவே இல்லை. குடும்பம் முழுவதற்கும் ஒரே சட்டியில் மாற்றம் வந்தால்தான் அது நிலைக்கும் என்பது என் எண்ணம்.

பதில் – குளுவாங், உடற்பயிற்சி ஆர்வலர்

அக்காமார் இருவரும் சொல்வது சரிதான், ஆனால் சோற்றை மட்டும் குறைத்துப் புரதத்தைக் கூட்டாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர், தசைப் பயிற்சியும் செய்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு விலையுயர்ந்த மாவு தேவையில்லை: ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயாவில்) ஏறக்குறைய 19 கிராம், கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனிலும் கிட்டத்தட்ட அவ்வளவே கிடைக்கும். இரவு ஷிப்டு என்றால் வேலைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, அவித்த முட்டையும் சுண்டலும் கையோடு கொண்டுபோங்கள். நடுச்சாமப் பசிக்கு மாமாக் கடை தேவைப்படாது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. விடுமுறை நாளில் நண்பர்களோடு பசியாறப் போனால் ரொட்டி சானாயை அறவே விட்டுவிட வேண்டுமா?

பதில் – தைப்பிங், ஓய்வுபெற்ற தாதி

வேண்டியதில்லை, தம்பி. ஒன்று சாப்பிடுங்கள், கூடவே அவித்த முட்டை ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் தே ஓ கோசோங்.