பிலிப்பைன்ஸ் சாப்பாடு: இன்னும் மனசில் உறுத்துகிற ஒரு தட்டு

கடல்காகம்

பிலிப்பைன்ஸ் சாப்பாட்டில் உங்களை உறுத்துகிற கதையை இந்த இழையில் போடுங்கள். பலூட் கதை மட்டும் யாரும் போட வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாத்து முட்டைக்குள் குஞ்சு இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன் என்று ஊரே எழுதியாகிவிட்டது.

என்னுடையது மணிலா, கலாவ் தெரு. லுனெட்டா பூங்காவை ஒட்டிக் கப்பல் வேலை தேடுகிறவர்கள் கூடி நிற்பார்களே, அந்தப் பக்கம் ஒரு துரோ-துரோ கடை. சட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள், விரலை நீட்டினால் அள்ளி வைப்பார்கள். நான் காட்டியது பன்றி விலா போட்ட சினிகாங். ஆவி முகத்தில் அடித்ததுமே புளி வாசனை. நம் புளியேதான். மூன்று மாதம் கப்பலில் செத்துப்போயிருந்த நாக்கு, ரசம் என்று நினைத்து ஒரு வாய் வைத்தேன். உப்பு மட்டு, காரம் சுத்தமாக இல்லை.

பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணி. பழுப்பாக ஏதோ தண்ணீர், அதில் நசுங்கிய மிளகாய் ஒன்று, பிழிந்துபோட்ட மாதிரி பாதி எலுமிச்சை. எவனோ சாப்பிட்டுவிட்டு வைத்துப் போனது என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டேன். கடைக்காரம்மா அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மறுபடி தள்ளினேன். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை தள்ளியதும், ஒன்றும் சொல்லாமல் கிண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாடிஸ் என்கிற மீன் சாற்றில் மிளகாய் நசுக்கி எனக்காகவே கொண்டுவந்தது அது. சட்டியில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் போடுவார்கள், உப்பும் காரமும் அவரவர் கிண்ணியில் கூட்டிக்கொள்ள வேண்டியது என்று எங்கள் கப்பல் குக் சொல்லித்தான் தெரிந்தது. அவரும் பிலிப்பைன்ஸ்காரர். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சைவப்பட்சி

மகள் டாவோவில் மருத்துவம் படிக்கிறாள், பார்க்கப் போயிருந்தேன். பினக்பெட் வாங்கிக் கொடுத்தாள். பூசணி, கத்தரி, பாகல், வெண்டை, எல்லாம் நம் வீட்டுக் காய். "வாலாங் கார்னே?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். கறி இல்லவே இல்லை என்றார்கள்.

பாதித் தட்டு காலியான பிறகு ஒரு வெண்டைக்காய்த் துண்டின் மேல் கறுப்பாக இரண்டு புள்ளி. கடுகு தாளித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது கண். கூனி இறாலின் கண். உப்புப் போட்டு ஊறவைத்த பாகோங் இல்லாமல் அவர்கள் பினக்பெட்டே செய்ய மாட்டார்களாம். அவர்கள் பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். சொல்லவில்லை. இறால் அவர்கள் கணக்கில் கறியே கிடையாது.

மேசைக்கரண்டி

அக்கா, இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே! நானும் செபுவில் கீரை சூப்பு கேட்டு, அடியில் மீன் கிடைத்து முழித்தவன். அதை விடுங்கள். அடுத்த தடவை போகும்போது கார்னே என்று மட்டும் கேட்காதீர்கள். "வாலாங் பாகோங், வாலாங் பாடிஸ், வாலாங் ஹிப்போன்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஹிப்போன் என்றால் இறால். பாசிப்பயறுக் குழம்பு, மோங்கோ, வெள்ளிக்கிழமைகளில் நிறைய கடைகளில் இருக்கும், ஆனால் மேலே பன்றித்தோல் வறுவலைத் தூவிவிடுவார்கள். தேங்காய்ப்பாலில் சேப்பங்கீரையை வேகவைத்த லாயிங்கைப் பார்த்து மயங்காதீர்கள், அதற்குள் இறாலோ பன்றியோ ஒளிந்திருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்த்தாங் தாலோங் நல்லது, கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. காலையில் இரண்டு அலுமினிய வாளியைக் காவடி மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு "தாஹோஓஓ" என்று கூவிக்கொண்டு வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்; சோயாத் தயிர் மாதிரி இளசாக, மேலே வெல்லப்பாகு, ஜவ்வரிசி. சாயங்காலம் தூரோன் இருக்கிறது, வாழைப்பழத்தோடு பலாச்சுளைக் கீற்றை வைத்து மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிச் சர்க்கரை போட்டுப் பொரித்தது. அரிசி மாவு கேக், பிபிங்கா, வாங்கினால் மேலே உப்பு முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, எந்தக் கடையிலும்...

சைவப்பட்சி

தம்பி, நான் வழி கேட்கவே இல்லையே.

இரும்புத்தட்டு

கடல்காகம் அண்ணே, அது எலுமிச்சை இல்லை, கலமான்சி. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், வாசனையே வேறு. எலுமிச்சை என்று எழுதியதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நான் மணிலாவுக்கு வடக்கே ஏஞ்சலஸ் நகரம் போயிருந்தபோது சிசிக் சொன்னேன். இரும்புத் தட்டு சீறிக்கொண்டு வந்தது. பன்றிக் காது நறுக்கென்று கடிபடுகிறது, தாடை மாமிசம் கரைகிறது, இடையில் வெங்காயம். மணிலாவில் சாப்பிட்ட பழக்கத்தில், "முட்டை எங்கே?" என்று கேட்டுவிட்டேன். பரிமாறிய பையன் பதிலே சொல்லவில்லை. பக்கத்து மேசையில் பீரோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சத்தை நான் தலை நிமிராமல் தின்றேன்.

பெரியவர் பக்கம்தான் நியாயம். ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் கடை போட்டிருந்த லூசியா குனானன், ஆலிங் லூசிங் என்பார்கள், 1970களில் இதைச் சூடான தட்டுக்குக் கொண்டுவந்தவர். பக்கத்திலேயே அப்போது கிளார்க் அமெரிக்க விமானத் தளம் இருந்தது. அங்கே பன்றித் தலை யாருக்கும் வேண்டியதில்லை, அது இங்கே மலிவாக வந்து சேர்ந்தது. அதற்கும் முன்னால் சிசிக் என்றாலே புளிப்பாகச் சாப்பிடுகிற பண்டம். 1732ல் வந்த கப்பம்பாங்கன் அகராதியில், அந்த வட்டாரத்து மொழி அது, காடி விட்ட சாலட் என்றுதான் இருக்கிறது. புளிப்புக்காக இருக்கிற பண்டத்தில் முட்டையையும் மயோனைஸையும் கொட்டினால் அது வேறு ஏதோ.

இரவுப்பணி

சிங்கப்பூரில் நர்ஸ். என்னோடு இரவு டியூட்டி பார்ப்பவள் பிலிப்பைன்ஸில் இலோயிலோக்காரி. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் "காய்ன் தாயோ" என்பாள், வா சாப்பிடலாம் என்று அர்த்தம். இரண்டு வருடம் நான் வேறு மேசைக்குப் போனேன். உங்கள் சாப்பாடு எல்லாம் கறிதான், ஒரு கீரை உண்டா என்று ஒருநாள் கேட்டும் இருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் பார்த்தால் கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு நிற்கிறாள். மலுங்கை என்றாள். முருங்கை என்றேன். அன்றைக்கு அவள் வீட்டில்தான் தினோலா வைத்தோம்: கோழி, இஞ்சி, பப்பாளிக்காய், கடைசியில் கீரை. ஈர்க்கின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் இலை முழுவதையும் உருவினாள். என் பாட்டி செய்வது போலவே இருந்தது, அந்தப் பழுத்த இலையைப் பொறுக்கி எறிவது உட்பட. இரண்டு வருடம் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு: பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக்கு ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில்தான் போக வேண்டும்.

கடாரம்கொண்டான்

மலுங்கை நம் முருங்கை. புத்தோ நம் புட்டு. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை முடிந்து சர்ச் வாசலில் விற்கும் புத்தோ பும்போங்கைப் பாருங்கள், ஊதா அரிசி மாவை மூங்கில் குழாயில் அவித்துத் தேங்காய்ப்பூவும் வெல்லமும் போட்டது. குழாய்ப்புட்டு இல்லாமல் வேறென்ன? சோழர் கப்பல் போகாத இடமுண்டா?

இரவுப்பணி

அண்ணா, எல்லாவற்றையும் சோழன் தலையில் ஏற்றாதீர்கள், பாவம். சாதாரண புத்தோ நம் புட்டு மாதிரி உதிராது, இட்லி மாதிரி இருக்கும். ரத்தக் குழம்பு தினுகுவானுக்குத் தொட்டுக்கொள்வார்கள். நம் ஆட்கள் போனதற்கு நிச்சயமான கணக்கு வேண்டுமென்றால் 1762ஐப் பாருங்கள். பிரிட்டிஷ்காரன் மணிலாவைப் பிடிக்க மதராஸிலிருந்து சிப்பாய்களைக் கூட்டிப்போனான். 1764ல் அவன் கிளம்பியபோது சிலர் கிளம்பவில்லை, மணிலாவை ஒட்டிய கைன்டா என்ற ஊரில் குடித்தனம் போட்டுவிட்டார்கள். நிலக்கடலைக் குழம்பில் மாட்டு வால் போட்ட காரே-காரே அவர்கள் கறியிலிருந்து வந்தது என்று அங்கேயே சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கதை பிடிக்கும், சத்தியம் செய்ய மாட்டேன்.

கடல்காகம்

சரி, கலமான்சிதான். ஒத்துக்கொண்டேன்.

நவம்பரில் மறுபடி மணிலாவில் கப்பலேறுகிறேன். அந்தக் கடைக்குப் போய்க் கிண்ணியை நானே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் போடுங்கள். மேசைக்கரண்டி தம்பி, நீங்கள் ஒரே வரியில்.