தம்பி அடுத்த மாதம் சிறையில் இருந்து வருகிறான், காசநோய் மருந்து பாதிதான் முடிந்திருக்கிறது. இங்கே எங்கே, எப்படித் தொடர்வது?

கேட்டவர்: தருமபுரத்து அக்கா

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி தருமபுரம் பக்கம். வீட்டில் இருந்து தைக்கிறேன், கூடுதலாகப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்தான். தம்பி ஒன்றரை வருடமாக வன்னிக்கு வெளியே ஒரு சிறையில் இருக்கிறான். என்ன வழக்கு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தீர்ப்பு வந்து, தண்டனையும் கழியப் போகிறது. இன்னும் ஐந்து கிழமை.

பிரச்சினை வேறு. நாலு மாதத்துக்கு முதல் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. அவன் போட்டிருந்தது நான் தைத்த சேர்ட். கழுத்து பதினைந்தரை அங்குலம் வைத்தது. பொத்தான் பூட்டிய பிறகும் உள்ளே நாலு விரல் போகும்போல் நின்றது. அளவு எடுத்தே பழகிய கண், பொய் சொல்லாது. இருமலும் இருந்தது. பிறகு அங்கேயே சளி சோதித்துக் காசநோய் என்று சொல்லி மருந்து தொடங்கிவிட்டார்கள். இப்போது மூன்றாம் மாதம் நடக்கிறது. போன முறை போனபோது, "அக்கா, சலம் ஒரேஞ் பார்லி மாதிரிப் போகுது" என்று சொல்லிச் சிரித்தான். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

அங்கே நின்ற ஒருவரிடம், வெளியே வந்த பிறகு மருந்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். "ஊரில் ஆஸ்பத்திரி இருக்குத்தானே" என்றார். இருக்குதுதான். ஆனால் வெறுங்கையோடு போய் "எனக்குக் காசநோய், மருந்து தாருங்கள்" என்றால் தருவார்களா? திரும்ப முதலில் இருந்து தொடங்குவார்களா? வரும்போது எத்தனை நாள் குளிசை கையில் கொடுப்பார்கள்? என்ன கடிதம் கேட்டு வாங்க வேண்டும்?

வீட்டில் மச்சாளும் இரண்டு பிள்ளைகளும் என்னோடுதான். மூத்தவனுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு. அம்மா இப்போதே தனிக் கோப்பை, தனித் தட்டு என்று எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டா. மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரவில் நித்திரை இல்லை.

இன்னொன்று. சிறையில் புனர்வாழ்வு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பிடி என்று பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். புனர்வாழ்வு என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா, "ஐயோ, திரும்பவும் கொண்டுபோகப் போறாங்களோ" என்று தலையில் கை வைத்துவிட்டா. 2009-இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்தில் இருந்தவர்களைக் கொண்டுபோய் முகாமில் வைத்தது. இது அது இல்லை என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு நாள் போனது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வு பெற்ற பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்)

தங்கச்சி, முதலில் அந்தத் தனித் தட்டை எடுத்து உள்ளே வையுங்கள். காசநோய் தட்டால் தொற்றாது, கோப்பையாலும் தொற்றாது. இருமும்போது வரும் காற்றால்தான் தொற்றும். அதுவும், மருந்துக்குக் கேட்கும் கிருமியாக இருந்து ஒழுங்காக விழுங்கினால், இரண்டு மூன்று கிழமையிலேயே பெரும்பாலும் பரப்பும் தன்மை போய்விடும். உங்கள் தம்பி மூன்றாம் மாதத்தில் நிற்கிறார். இரண்டாம் மாத முடிவில் சளியைத் திரும்பச் சோதித்திருப்பார்கள். அந்த முடிவு "கிருமி இல்லை" என்று இருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி போட்டிருப்பார்கள், இடது கையில் தழும்பு இருக்கும், பாருங்கள். அவர் உள்ளே போக முதலே இருமல் இருந்ததா என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். இருந்திருந்தால் பிள்ளைகளையும் ஒருக்கால் காட்டுவது நல்லது, ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கட்டாயம்.

இனி மருந்து. மொத்தம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்த குளிசை, அடுத்த நாலு மாதம் இரண்டு மருந்து சேர்ந்தது. சலத்தின் நிறம் மாறுவது ரிபாம்பிசினால், பயமில்லை. நிறம் மாறினால் குளிசை உள்ளே போகிறது என்று அர்த்தம். நாங்கள் அதை வைத்தே ஆள் விழுங்குகிறானா ஏமாற்றுகிறானா என்று பிடிப்போம்.

முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே நிற்கிறார் என்பதற்கு எழுத்து வேண்டும். காசநோயாளி சிறையில் இருந்தாலும் அந்த மாவட்டத்து மார்பு நோய் கிளினிக்கில் அவருக்குப் பதிவு இருக்கும். சிறை வாசலில் நிற்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவரைக் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அந்தக் கிளினிக்கில் இருந்து கிளிநொச்சி மார்பு நோய் கிளினிக்குக்கு ஒரு மாற்றல். கடிதத்தில் மருந்து தொடங்கிய திகதி, தொடங்கும்போதும் இப்போதும் உள்ள நிறை, சளி முடிவுகள், இதுவரை விழுங்கிய நாட்கள், கடைசியாக விழுங்கிய திகதி எல்லாம் இருக்க வேண்டும். நோயாளி கையில் வைத்திருக்கும் அட்டை ஒன்றும் உண்டு. அதை உள்ளே விட்டுவிட்டு வரவேண்டாம் என்று தம்பிக்கு இப்போதே சொல்லுங்கள்.

அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே கிளிநொச்சி கிளினிக்குக்கு நீங்கள் போங்கள். பெயர், சிறை, வரும் திகதி மூன்றையும் சொல்லுங்கள். இங்கிருந்து அங்கே ஒரு தொலைபேசி அழைப்புப் போனால் பாதி வேலை முடியும். அப்புறம் தினமும் கிளிநொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. உங்களுக்குக் கிட்டிய அரச ஆஸ்பத்திரியில் ஒருவர் முன்னால் விழுங்க ஒழுங்கு செய்து தரலாமா என்று கேளுங்கள். காசு ஒரு சதமும் இல்லை. ஃபாமசியில் தேடித் திரியவும் வேண்டாம்.

திகதியை நம்பி இருக்காதீர்கள். வெசாக், பெப்ரவரி 4, நத்தார் மாதிரி நாட்களில் ஜனாதிபதி பொது மன்னிப்பு வந்தால் ஆட்களைச் சடாரென்று விடுவார்கள். வீட்டாருக்கு அது சந்தோசம். எங்களுக்கு என்றால், ஆள் எங்கே போனான் என்று தேடுகிற வேலை.

கடைசியாக ஒன்று. வந்த சந்தோசத்தில் சிநேகிதர்மார் கள்ளோடு வருவார்கள், கசிப்போடும் வருவார்கள். இந்தக் குளிசையும் குடியும் சேர்ந்தால் ஈரல் போய்விடும். கண் மஞ்சள் பிடித்தாலோ, சாப்பாடு பிடிக்காமல் ஓங்காளித்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பதில் 2: முள்ளியவளையான்

நானும் உள்ளே இருந்து வந்தவன். எனக்குக் காசநோய் இல்லை, பிரசர். உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு நாளும் குளிசை தந்தார்கள். வெளியே விடும்போது ஒரு சொப்பிங் பைக்குள் உடுப்பும் செருப்பும் தந்தார்கள். மருந்தும் இல்லை, மருந்து எழுதிய துண்டும் இல்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யார் குளிசை கேட்பான்?

மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை. சுகமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நிற்கத் தலை சுற்றி விழுந்தேன். 1990-க்கு அடித்து அம்புலன்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அக்கா, கடிதம் எல்லாம் சரி. இதையும் யோசியுங்கள். கிளினிக்கில் வாங்கு நிறைய ஆட்கள். அதில் பாதி எங்கள் ஊர்ச் சனம். கொப்பி எழுதுகிற பிள்ளை சத்தமாகக் கேட்கும், "இதுக்கு முதல் எங்க மருந்து எடுத்தனீங்கள்?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் இரண்டு தரம் வாசல்மட்டும் போய்த் திரும்பி வந்தேன். இப்போது யாரும் கேட்டால் "வெளி மாவட்டத்தில்" என்று சொல்லுவேன். பொய்யும் இல்லை. தம்பிக்கும் இந்தப் பதிலைச் சொல்லிக் கொடுங்கள். முதல் நாள் நீங்கள் கூடப் போய்க் கடிதத்தை நேர்ஸின் கையில் கொடுத்துவிட்டால் கேள்வியே வராது.

இன்னொன்று நித்திரை. உள்ளே இரவிரவாக லைட் எரியும். வீட்டில் லைட்டை நிறுத்தினால் எனக்கு நெஞ்சு அடித்தது. மனுசி பிள்ளைகளோடு ஒரு அறையில் படுக்க மாதக்கணக்கு எடுத்தது. விறாந்தையில்தான் கிடந்தேன். உங்கள் மச்சாள் இதை வேறு மாதிரி எடுக்கக்கூடாது, முதலே சொல்லி வையுங்கள். கடுமையாக இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். 1926-க்கு அடித்தாலும் கதைப்பார்கள்.

ஐ.சி, அதுதான் அடையாள அட்டை, இருக்கிறதா? இல்லை என்றால் பொலிஸில் தொலைந்ததென்று ஒரு முறைப்பாடு போட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு ஜி.எஸ்ஸிடம் (கிராம அலுவலர்) போக வேண்டும். வந்த கிழமையே செய்யுங்கள். ஐ.சி இல்லாமல் கூலி வேலைக்குக்கூட ஒரு சோதனையைத் தாண்டிப் போகப் பயமாக இருக்கும்.

பதில் 3: மாங்குளம், இப்போது கலிபோர்னியா

நான் இங்கே ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை. உங்கள் கேள்வியை வாசித்ததும் எழுத வேண்டும்போல் இருந்தது, ஏனென்றால் இங்கே இதே பிரச்சினை தலைகீழாக நிற்கிறது.

அமெரிக்காவில் வசதி குறைந்தவர்களுக்கு மெடிக்கெய்ட் என்று அரச மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 1965-இல் அதைத் தொடங்கிய சட்டமே, ஆள் சிறைக்குள் இருக்கும்வரை அதில் இருந்து காசு கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. வெளி ஆஸ்பத்திரியில் அனுமதித்து வைத்திருந்தால் மட்டும் விலக்கு. அதனால் வெளியே வரும் நாளில் பலரிடம் காப்பீடே இருக்காது. வொஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில் அவர்கள் சாகும் வாய்ப்பு, அதே வயது வெளி ஆட்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. போதைமருந்து கூடிப் போய்ச் செத்தவர்கள்தான் அதில் அதிகம்.

2023 ஜனவரியில்தான் கலிபோர்னியாவுக்கு முதல் அனுமதி கிடைத்தது: விடுதலைக்கு முந்திய 90 நாளுக்குள் சில சேவைகளுக்கு அந்தக் காப்பீட்டில் இருந்து காசு கொடுக்கலாம் என்று. ஒருவர் உள்ளேயே போய்ச் சந்தித்து, வெளியே எந்த டொக்டர், எந்தத் திகதி என்று ஒழுங்கு செய்வார். வரும்போது மருந்து கையில் இருக்கும். எல்லாச் சிறையிலும் இன்னும் சீராக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளை முதலே சந்தித்த கோப்பு எங்கள் மேசைக்கு வந்தால் ஐந்து நிமிடத்தில் பதிந்துவிடுவோம். வராவிட்டால் அரை நாள் தொலைபேசியில் போகும்.

உங்களுக்குக் காப்பீட்டுக் கரைச்சல் இல்லை, மருந்து சும்மா கிடைக்கும். குறைவது உள்ளே போய்ச் சந்திக்கிற அந்த ஒரு ஆள்தான். ஐயா சொன்னதைப் பார்த்தால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது, அக்கா.

தருமபுரத்து அக்கா

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உள்ளே போக முதல் இருமல் இருக்கவில்லை, நிச்சயம். ஒரு சந்தேகம். பி.எச்.ஐ வீட்டுக்கு வருவார் என்கிறார்களே? மோட்டார் சைக்கிளில் வந்து ஒழுங்கையில் நின்று விசாரித்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற பி.எச்.ஐ

வருவார், அது அவர் கடமை. ஆனால் நாங்கள் கிணற்றுக்குக் குளோரின் போடவும் வருவோம், நுளம்புக்கும் வருவோம், டெங்குக்குத் தேங்காய்ச் சிரட்டை கவிழ்க்கவும் வருவோம். யாரும் கேட்டால் நுளம்பு பார்க்க வந்தவர் என்று சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது முதலே உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, வர முதல் ஒருக்கால் அடிக்கச் சொன்னால் செய்வார்கள். இன்னொன்று மறந்துபோனேன்: பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் காசநோயாளருக்கான உதவிப் பணம் பற்றிக் கேளுங்கள். அதற்கும் கிளினிக் கடிதம் வேண்டும்.

தருமபுரத்து அக்கா

போன செவ்வாய் போனேன். கிளினிக்கில் இருந்த நேர்ஸ் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு பெரிய பதிவுப் புத்தகத்தைத் தள்ளிவைத்து, அங்குள்ள கிளினிக்குக்குத் தானே அடித்துச் சிங்களத்தில் கதைத்தா. பத்து நிமிடம். தம்பியின் பெயர் அங்கே பதிவில் இருக்கிறதாம். இரண்டாம் மாதச் சளியில் கிருமி இல்லையாம். தொடங்கும்போது 43 கிலோ, இப்போது 47. ஒரு நாளைக்கு மூன்று குளிசை. நிறை கூடினால் குளிசையின் எண்ணிக்கையும் மாறலாம், அதனால் இங்கே வந்ததும் முதலில் தராசில் ஏற்றுவோம் என்றா. மாற்றல் கடிதத்துக்கும் இரண்டு கிழமைக் குளிசைக்கும் அங்கிருந்து சிறைக்கு அறிவிக்கிறார்கள். நான் போகிற அன்று வாசலில் கேட்டு வாங்க வேண்டும். என்ன கேட்பது என்று சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதியும் தந்தா. அந்தத் துண்டை இப்போது தையல் மெசின் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

முள்ளியவளை அண்ணா, நீங்கள் சொன்னதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் பார்த்தால் விறாந்தையில் சின்ன பல்ப் ஒன்று போட வயர் இழுப்பித்துக்கொண்டு நிற்கிறா.

அம்மா தட்டை உள்ளே வைத்துவிட்டா, கோப்பையைத்தான் இன்னும் வைக்கவில்லை. பரவாயில்லை, மெல்ல வரும்.

வரும் அன்று போட ஒரு சேர்ட் தைக்கிறேன். கழுத்து பதினாலரை. பக்கத் தையலில் மட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், பிறகு பிரித்து விடலாம்.