விபத்து இழப்பீடு: மக்கள் நீதிமன்றச் சமரசம் ஏழைக்கு நீதியா, தள்ளுபடியா?

தொப்பூர்க்காரன்:
தொப்பூர் கணவாய் விபத்துகளைப் பற்றி தருமபுரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. கணவனை லாரி மோதிப் பறிகொடுத்த, எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தங்கைக்குத் துணையாக மக்கள் நீதிமன்றத்துக்கு, அதாவது இரு தரப்பும் பேசிச் சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்துக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரியும் அவர்களுடைய வக்கீலும். கோப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தொகையை எழுதி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். "சம்மதமா?" அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பெரிய பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 21ஆம் பிரிவுப்படி இனி மேல்முறையீடு கிடையாது. காத்திருக்க முடிந்தவனுக்கும் முடியாதவளுக்கும் இடையில் நடப்பது சமரசமே அல்ல. உயிரிழப்பு வழக்குகளை அங்கே அனுப்புவதையே நிறுத்த வேண்டும்.

தருமபுரி வழக்கறிஞர்:
உங்கள் கோபம் நியாயம், தீர்வு தவறு. விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம் தொகையை அறிவித்ததும் பணம் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 173ஆம் பிரிவின்கீழ் நிறுவனம் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வழக்குகளை நான் நடத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குறை சொல்லும் அதே 21ஆம் பிரிவு நிறுவனத்தின் கையையும் கட்டிப்போடுகிறது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வருகிறது. இந்தக் கதவையும் சாத்திவிட்டால் அந்தத் தங்கை எங்கே போவார்?

அரூர் ஆசிரியை:
வக்கீல் ஐயா, காத்திருப்பதே வீண் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வட்டத்து வாச்சாத்தியை மறந்துவிடாதீர்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்த ஊர் அது. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்த மக்கள் எதற்கும் பணியாமல் நின்றதால்தான் அது கிடைத்தது.

தருமபுரி வழக்கறிஞர்:
அம்மா, அந்த மக்களின் உறுதிக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் சமரசத்துக்கு உட்படாத குற்றங்களை மக்கள் நீதிமன்றம் தொடவே முடியாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 31 ஆண்டுகள் ஆனதை நாம் பெருமையாகவும் சொல்லக் கூடாது.

அரூர் ஆசிரியை:
பெருமை என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் இயக்கங்கள் நின்றன, பழங்குடி மக்கள் சங்கம் நின்றது. உங்கள் மேசையின் முன் தனியாக உட்காரும் பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

காரிமங்கலம் விவசாயி:
எங்கள் பாகப்பிரிவினை வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்து, மக்கள் நீதிமன்றத்தில் ஒரே அமர்வில் முடிந்தது. இப்போது அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போகிறோம். அதனால் அதை ஒழிக்கச் சொல்லாதீர்கள். ஆனால் எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர்தான். அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம். காப்பீட்டு நிறுவனத்துக்கு என்ன அவசரம்?

பாலக்கோடு சட்டத் தன்னார்வலர்:
தொப்பூர் அண்ணா, அந்தத் தொகை வானத்திலிருந்து வருவதில்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. இறந்தவருக்கு 34 வயது, சுயதொழில், மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 16,800. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 12,600. ஆண்டுக்கு 1,51,200. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. ஆக 24,19,200 ரூபாய். ஈமச் செலவு முதலியவையும் வட்டியும் தனி. இந்தக் கணக்கு தெரிந்த பெண்ணிடம் பென்சில் தொகையைக் காட்டினால், மீதி எங்கே என்று அவரே கேட்பார். இதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, அமர்வுக்கு முன்பே கையில் கொடுக்க வேண்டும். பெண்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதை ஊரில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

தொப்பூர்க்காரன்:
தாள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொள்ளும் வக்கீலுக்கும் வழக்கு சீக்கிரம் முடிந்தால்தானே லாபம்? அவர் அந்தத் தாளை விளக்குவாரா?

தருமபுரி வழக்கறிஞர்:
அப்படிப் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. நடக்கிறது என்பதை மறுத்தால் நான் பொய் சொன்னவனாவேன். இன்னொன்றையும் எல்லோரும் அறிய வேண்டும். ஜலோர் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, மக்கள் நீதிமன்றம் தானாகத் தீர்ப்பு எழுத முடியாது. தொகைக்குச் சம்மதமில்லை என்று ஒரு தரப்பு சொல்லிவிட்டால் வழக்கு பழையபடி தீர்ப்பாயத்துக்கே திரும்பும்.

தொப்பூர்க்காரன்:
அந்த வரியையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். தாளைக் கொடுத்து, வீட்டில் பேசிவர ஒரு வாரமாவது அவகாசம் தந்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இது நடக்காத வரை உயிரிழப்பு வழக்குகள் அங்கே போகக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

தருமபுரி வழக்கறிஞர்:
தாளுக்கும் அவகாசத்துக்கும் நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன். "அது வரை போகக் கூடாது" என்பதற்கு மாட்டேன். அடுத்த அமர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் என்னிடமே இருக்கின்றன.

பாலக்கோடு சட்டத் தன்னார்வலர்:
அப்படியானால் மனுவில் அந்த இரண்டை மட்டும் எழுதுகிறேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் திங்கட்கிழமை கொடுக்கலாம். ஆசிரியை அம்மா, அரூர் பக்கம் கையெழுத்துகளை நீங்கள் வாங்கித் தர முடியுமா?