இழை: ‘எதிர்மறை வலுவூட்டல்’ – திங்கட்கிழமைக்குள் மாற்றுச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை உளவியல் முதலாண்டுக்கான தமிழ்க் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்: ஆங்கிலத்தில் ‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ என்பதற்கு நாம் எழுதும் ‘எதிர்மறை வலுவூட்டல்’. நேற்று திருத்திய விடைத்தாளில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “எதிர்மறை வலுவூட்டல் எ.கா.: வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை ஆசிரியர் பிரம்பால் அடித்தல்.” நன்றாகப் படிக்கிற பெண். அடுத்தடுத்த தாள்களிலும் இதே பிரம்புதான்.

நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைப் பெட்டியில் தரைக் கம்பியில் மின்சாரம் பாயும். எலி நெம்புகோலை அழுத்தினால் நின்றுவிடும். அதனால் எலி மேலும் மேலும் அழுத்தும். காரில் சீட் பெல்ட் போடும்வரை பீப் பீப் என்று கத்துகிறதே, அதுவும் இதே கணக்கு. தொல்லை விலகுவதால் செயல் கூடுகிறது. தண்டனையில் செயல் குறையும். இரண்டும் நேர்த் தலைகீழ். ‘எதிர்மறை’ என்ற சொல்லே பிள்ளைகளைப் பிரம்பிடம் கொண்டுபோய் விடுகிறது. உதவுங்கள்.
– ந.

ந. அம்மா,
நம் இலக்கணத்தில் எதிர்மறை என்றால் வினை நிகழாமை. ‘ஓடாக் குதிரை’யில் ஓட்டம் இல்லை. உங்கள் எலியோ ஓயாமல் அழுத்துகிறது. சொல் அடிப்படையிலேயே பொருந்தவில்லை. ‘களைவு வலுவூட்டல்’ என்று வையுங்கள். “உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு” (788). இடுக்கண் களைவது என்பதைவிடத் துல்லியமாக இதைச் சொல்ல முடியுமா?
– செ.

செ. ஐயா, அதே வள்ளுவரை 550-இல் பாருங்கள்: “கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.” அங்கே களை பறிப்பதற்கு ஒப்பிடப்படுவதே தண்டனைதான்! எந்தக் குழப்பத்திலிருந்து தப்பப் பார்க்கிறோமோ அதற்குள்ளேயே போய் விழுவோம்.

வலுவூட்டல் என்பதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். வல், வலு, வலி எல்லாம் ஒரு குடும்பம். ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வலி என்றால் ஆற்றல். இன்று மருத்துவரிடம் சொன்னால் நோவு. வலி நீங்க, வலு கூடுகிறது என்று இந்தக் கருத்தையே ஒரு வேர்ச்சொல்லுக்குள் அடக்கிவிடலாம். இது பற்றித் தனியாக நீண்ட மடல் எழுதுகிறேன்.
– கு.

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் இது மீளவலியுறுத்தல், நெகட்டிவுக்கு ‘மறை’. சக (கூட்டல்), சய (கழித்தல்) என்று கணக்குப் படித்து, மறை எண்ணும் தெரிந்து வருகிற பிள்ளைகளுக்கு மறை என்றால் கழித்தல் குறிதான் முதலில் வரும். ஸ்கின்னர் நினைத்ததும் அந்தக் குறியைத்தானே? இருக்கிற சொல்லை ஏன் விட வேண்டும்?
– ர.

ர. அண்ணா, இங்கே ‘மறை’ என்றால் வேதம், இல்லாவிட்டால் ஒளித்து வைப்பது. ‘நெகட்டிவ்’ என்றே போட்டால் என்ன? 2020-இல் கொரோனா சோதனையில் நெகட்டிவ் என்று வந்தால் எங்கள் பாட்டி கைகூப்பிக் கும்பிட்டார். ‘இல்லை’ என்ற பொருள் அவருக்கே புரிந்தது.
– வி.

தம்பி வி., அதே பாட்டி “நெகட்டிவா பேசாதே” என்றும் சொல்வார். ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஸ்கின்னரே 1938 நூலில் இந்தப் பெயரை இன்று தண்டனை என்கிறோமே, அதற்குத்தான் வைத்திருந்தார். 1953 நூலில்தான் இன்றைய பொருள் வருகிறது. 1975-இல் ஜாக் மைக்கேல் என்ற நடத்தை உளவியலாளர், இந்த நேர்-எதிர்ப் பிரிவே இனித் தேவையில்லை என்று கட்டுரை எழுதினார். மூலத்திலேயே கோணலான பெயரை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டிய கடமை நமக்கு இல்லை.

‘நீக்க வலுவூட்டல்’ என்று எழுதிப் பார்த்தேன். அதைச் சற்றே திருப்பினால் ‘வலுவூட்டல் நீக்கம்’. அது வேறு கருத்து: நெம்புகோலை அழுத்தியும் உணவு வராமல் போக, எலி மெல்ல மெல்ல அழுத்துவதை விட்டுவிடும் நிலை. தேர்வு அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். ‘நீக்கல்வழி வலுவூட்டல்’ என்றால் எதனால் வலுவூட்டுகிறோம் என்பது வெளிப்படையாக நிற்கிறது. கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டேன்: சேர்த்தல்வழி வலுவூட்டல், நீக்கல்வழி வலுவூட்டல், சேர்த்தல்வழித் தண்டனை, நீக்கல்வழித் தண்டனை. அந்த மாணவியையே கூப்பிட்டு, பிரம்படி எந்தக் கட்டம் என்றேன். மூன்றாவதில் விரல் வைத்தாள். செல்போனைப் பிடுங்கி வைப்பது? நான்காவது. பெல்ட் சத்தம்? கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதைத் தொட்டாள்.

இதையே அச்சுக்கு அனுப்புகிறேன். ர. ஐயா சொன்ன மறை மீளவலியுறுத்தலையும் சொல்லடைவில் சேர்க்கிறேன்.
– ந.

அம்மா, நான்கு கட்டத்தையும் ஏற்கிறேன். ஆனால் ‘ஒறுத்தல்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் குறளிலேயே இருக்க, ‘தண்டனை’ எதற்கு? அச்சுக்கு முன் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.
– செ.

ஐயா, ஒறுத்தல் என்றால் அந்தப் பிள்ளைகள் ‘அறுத்தல்’ என்று படிப்பார்கள். தண்டனையே இருக்கட்டும்.
– ந.

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– செ.