புதுப்பிப்பு: காலையில் கடகடக்கும் இன்ஜின், பிரிக்கவில்லை

போன மாசம் கேட்டிருந்தேனே, குன்னூர் குளிரில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இன்ஜின் கடகடக்குது, டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் இன்ஜின் சங்கிலி) மாத்த 38,000 ரூபாய் சொல்றாங்க, செய்யலாமான்னு?

வேறொரு மெக்கானிக்கிடம் ராத்திரியே வண்டியை விட்டேன். விடிகாலை ஸ்டார்ட் பண்ணி, நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். செயின் பக்கம் அமைதி; வால்வு மூடிக்கு மேலேதான் டிக் டிக். ஹைட்ராலிக் லிஃப்டரில் (ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன பாகம்) ஆயில் ராத்திரியில் இறங்கிவிடுகிறதாம். கழற்றிய ஃபில்டரில், ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. உள்ளே குளிரில் மெதுவா ஓடும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் வேறு! மேனுவலில் இருப்பது அதைவிட இளகிய 5டபிள்யூ-30.

ரெண்டும் மாற்றியாச்சு. பத்து விநாடி சத்தம் இப்போ ரெண்டு விநாடி. சூடானபிறகும் கேட்டால்தான் பிரிப்பேன்.