ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? ஹெட்டை இறக்கும் முன் உறுதி செய்ய வழி உண்டா?

கேள்வி

வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்ற மாதம் ஏற்காடு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்த நிலையில், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றித் திரும்பினோம். அன்றிலிருந்து வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. தரையிலோ சொட்டு ஈரம் இல்லை. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போலப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது. மூடியைப் பார்த்தவுடனேயே, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல் பொருந்தும் ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

மறுமொழி 1

அந்தப் பிசுக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டுமே ஓடும் வண்டியில், என்ஜின் முழுதாகச் சூடேறாததால் ஈரம் வெளியேறாமல் ஆயிலோடு கலந்து மூடியில் அப்படித்தான் படியும். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்தது போல வந்தால்தான் கவலை. காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று என்றால் குமிழிகள் சற்று நேரத்தில் நின்றுவிடும்; கேஸ்கெட் வழியே கசியும் எரிந்த வாயு என்றால் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இதற்கென்றே ஒரு நீலத் திரவம் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் ஆவியை அதன் வழியே உறிஞ்சும்போது, எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும்.

மறுமொழி 2

கம்ப்ரஷனையும் (ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) அளந்துவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால், பெரும்பாலும் இடையே கேஸ்கெட் விட்டிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி கேட்டவர்

1, 4 ஆகியவற்றில் 170 பிஎஸ்ஐ. 2-இல் 95, 3-இல் 90. திரவமும் ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளாகிவிட்டது.

மறுமொழி 2

அப்படியானால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் ஹெட்டை நேரே லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் (பரப்பைச் சீவி மட்டமாக்குதல்) போட்டுவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டில் கேஸ்கெட் உட்காரும் பரப்பின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். பல என்ஜின்களுக்கு 0.05 மி.மீ. இடைவெளிதான் எல்லை, உங்கள் என்ஜினுக்கு உரியதை சர்வீஸ் மானுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் மேற்பரப்பையும் அப்படியே சோதியுங்கள். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே ஃபேசிங். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றாவிட்டால், முறுக்கும்போது பிளாக்கே விரிசல் விடக்கூடும். கோணக் கணக்கில் முறுக்கும் வகை போல்ட் என்றால் புதிதாக வாங்கி, நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) முறுக்கி, பிறகு மானுவலில் சொன்ன கோணத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள்; 'கை அளவு போதும்' என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அது சரி, மலையில் ஃபேன் ஓடியதா?

கேள்வி கேட்டவர்

ஏசியைப் போட்டால் ஃபேன் ஓட வேண்டும்; இன்று போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை. பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்தால் சுற்றுகிறது. ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை மாற்றியதும் ஓடத் தொடங்கிவிட்டது. ஹெட் வெள்ளிக்கிழமை இறங்குகிறது.