"சாமி கும்பிடுறவங்க ஜட்ஜா வரக் கூடாதா?"

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2020 அக்டோபர், கொரோனா இரண்டாவது அலை தொடங்கிய நேரம். நாங்கள் ஏழு பேர், பெரும்பாலும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமை பேச்செல்லாம் போனில்தான். அமெரிக்க உயர் நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் செப்டம்பர் 18ஆம் திகதி இறந்ததும் ட்ரம்ப் அந்த இடத்துக்கு ஏமி கோனி பாரெட்டின் பெயரைச் சொன்னார், மதத்தைச் சாராமல் மனிதரை முன்வைக்கும் அங்குள்ள மனிதநேய அமைப்புகள் எதிர்த்தன. நாங்களும் எதிர்க்கிறோம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

மறுநாள் விடியவே மாமா போன் எடுத்தார். இருபது வருஷமாகக் கோயில் கமிட்டியில் இருப்பவர். "ஏன்ப்பா, சாமி கும்பிடுறவங்க ஜட்ஜா வரக் கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் முதல் வரியே பாரெட் தீவிர கத்தோலிக்கர் என்பதுதான். அது பிழை. பதவிக்கு மதத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையே சொல்கிறது, அதை நாங்களே மீறினால் என்ன மனிதநேயம்? அன்றிரவே அந்த வரியை எடுத்தோம். 2006இல் கருக்கலைப்புக்கு எதிரான பத்திரிகை விளம்பரத்தில் அவர் கையொப்பம் வைத்தது, அமெரிக்கத் தேர்தல் வாக்களிப்பு தொடங்கிய பிறகும் ட்ரம்ப் தரப்பு நியமனத்தை அவசரப்படுத்தியது, இவற்றை மட்டும் வைத்தோம்.

மாமா விடவில்லை. "சரி, அங்க யாரு வந்தா லயத்துல இருக்குற தோட்டத்து ஆளுங்களுக்கு என்ன?" எங்கோ இருக்கும் நீதிபதிகளின் தீர்ப்பும் நம்மைத் தொடும் என்பதற்குக் கோடகன் பிள்ளை வழக்கைச் சொன்னேன். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரான நம்மவர்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது, வழக்கு அப்போதைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் அங்கேயும் தோற்றது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எங்கப்பா சாகும் வரைக்கும் ஓட்டுப் போடல" என்றார்.

அதே வாரம், 22ஆம் திகதி, நம் பாராளுமன்றத்தில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் நிறைவேறியது. உயர் நீதிமன்ற நீதியரசர்களை ஜனாதிபதி நியமிக்க அதுவரை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும், இனிமேல் பாராளுமன்றப் பேரவையிடம் அபிப்பிராயம் கேட்டால் போதும் என்றானது. நான்கு நாள் கழித்து பாரெட் அமெரிக்க செனட் வாக்கெடுப்பில் 52க்கு 48 என்று வந்துவிட்டார். "அங்க அந்தம்மாகிட்ட டிவியில நாள் கணக்கா கேள்வி கேட்டாங்க, இங்க யாரு கேப்பா?" என்றார் மாமா. நம் நாட்டு விஷயத்தில் நாங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை, அது இன்றும் உறுத்துகிறது. அப்புறம்தான் எழுதினோம். மாமா அதைக் கமிட்டி ஆட்கள் ஆறு பேருக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினார். பேரவையின் அங்கீகாரம் 2022இல் 21ஆவது திருத்தத்தோடு திரும்பி வந்தது.

-----

பண்டாரவளையிலிருந்து நான், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். 2022 ஜூன் 24ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்துச் செய்தது, பாரெட்டும் அந்தப் பக்கம்தான். தேயிலைக் கொழுந்து எடுத்தே வாழ்ந்த அத்தையிடம் கோபத்தோடு சொன்னேன். "நமக்கு எப்பவும் இல்லாததுதானே" என்றார். உண்மைதான், நம் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இடமுண்டு, அது 1883ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பிறகு லயத்தில் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) நடந்த ஒரு சாவைப் பற்றி இரவு முழுக்கப் பேசினார். அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. அடுத்த ஞாயிறு நீங்கள் கூடும்போது அத்தையையும் போன் லைனில் எடுங்கள்.